குரங்கு வளர்த்த ரோஜா

எந்தக் காடு என்று கேட்காதீர்கள். ஒரு காடு. அங்கே ஒரு கரடி சிவப்பு ரோஜா வளர்த்தது. ஒரு பூ பூத்தால் ஓடைக்கு அக்கரையிலும் மணக்கும். அப்படி ஒரு செடி!

அதன் வேரைக் கரையான் தின்றுவிட்டது. செடி சாகுமுன் கரடி அதிலிருந்து ஒரே ஒரு துளிர்மொட்டை எடுத்து, காட்டு ரோஜாத் தண்டில் ஒட்டி, வாழைநாரால் கட்டிவைத்தது. மொட்டு பிழைத்தது. மிச்சம் அது ஒன்றுதான்.

தேன் எடுக்க மலைக்குப் போகும் காலம் வந்தது. கரடி குரங்கைக் கூப்பிட்டது.

"தம்பி, மூன்று மாதம் பார்த்துக்கொள். நாருக்கு மேலே இருப்பதுதான் நம் சிவப்பு ரோஜா. கீழே இருப்பது வெறும் காட்டுச் செடி. கீழேயிருந்து எது துளிர்த்தாலும்..."

"தெரியும் அண்ணே! ரோஜாவா எனக்குத் தெரியாது? கிளம்புங்கள்!"

கரடி கிளம்பியது.

ஒரு மாதம் ஆயிற்று. நாருக்கு மேலே நாலே நாலு இலை. நாருக்குக் கீழேயிருந்து ஒரு கிளை முளைத்து, குரங்கின் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

"என் கை ராசி!" என்று குதித்தது குரங்கு.

வேலியோரம் புல் மேய்ந்த முயல் எட்டிப் பார்த்தது. "அண்ணே, இது நாருக்குக் கீழேயிருந்தல்லவா வருகிறது?"

"வளருகிற பிள்ளைக்கு எங்கிருந்து வந்தால் என்னடா? அந்த நாலிலைச் சோம்பேறியைப் பார். இதன் சோற்றை அது தின்கிறது."

"இலைகூட வேறு மாதிரி..."

"உனக்கு இலை என்றால் தின்னத்தான் தெரியும். போடா!"

நறுக்! நாலிலைக் குச்சி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. வெயிலில் காய்ந்தது.

கரடி திரும்பி வந்தபோது செடி நிறையப் பூ. எல்லாம் வெள்ளை. எல்லாம் பொடிப் பொடியாக. கரடி முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது.

"மலையில் உங்களுக்குச் சளி பிடித்திருக்கும் அண்ணே," என்றது குரங்கு.

"நாருக்கு மேலே இருந்தது எங்கே?"

"அந்தச் சோம்பேறியா? அப்போதே நறுக்கி எறிந்துவிட்டேன்!"

கரடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"அதுதானடா ரோஜா."

அந்தக் காட்டில் இன்றுவரை சிவப்பு ரோஜா கிடையாது.

நீதி: வேகமாக வளர்வதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது; எது எதுவென்று தெரிந்துகொண்டு வெட்டு.