யானை முதுகில் ஒரு செம்மண் கோடு

ஒரு காட்டுக்கும் பெரிய ஏரிக்கும் நடுவே அகலமான சேற்றுப் பள்ளம் ஒன்று இருந்தது. சின்ன விலங்குகள் அதில் கால் வைத்தால் கழுத்து வரை இறங்கிவிடும். அதனால் வடிவாம்பாள் என்ற யானை தினமும் காலையில் ஒரு நடையும் மாலையில் ஒரு நடையும் எல்லாரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் வந்தாள்.

ஏற்றி இறக்கும் பொறுப்பு பொன்னுரங்கம் என்ற கீரியிடம் இருந்தது. அவன் யானையின் தலைமேல் நின்றுகொண்டு ஒரு காலி நத்தை ஓட்டை ஊதுவான். ஒரு ஊதல் என்றால் நிற்க வேண்டும். இரண்டு ஊதல் என்றால் போக வேண்டும். வடிவாம்பாளுக்கு வழியும் தெரியும், நிற்கும் இடங்களும் தெரியும். ஆனாலும் தான் ஊதுவதால்தான் யானை நகர்கிறது என்று பொன்னுரங்கம் மனதார நம்பினான்.

தினமும் ஏறுகிறவர்களுக்குக் காட்டில் வீடு, ஏரியில் வேலை. வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும் தண்ணீரில் ஆகாயத்தாமரை படராதபடி ஆமை மாசிலாமணியும் அவருடைய கூட்டாளிகளும் தின்று தீர்ப்பார்கள். அணில் பூங்காவனம் கரை மரங்களில் காய்ந்த முள்ளை ஒடித்துப் போடுவாள். கொசுவைத் தவளைகள் பார்த்துக்கொள்ளும். "தவளைக்கு எதற்கையா காட்டில் வீடு?" என்று யாராவது கேட்டால், "ஏரியில ஒரே ஈரம்" என்று அவை சொல்லும்.

மழைக்காலம் முடிந்ததும் வெளியூர்ப் பறவைகள் வர ஆரம்பித்தன. அலகடியில் பை தொங்கும் கூழைக்கடாக்களும் நெட்டைக்கால் நாரைகளும் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி வந்து ஏரியில் இறங்கின. அவை தங்குவதற்கு ஏற்ற ஆலமரம் காட்டுக்குள் இருந்தது. ஆனால் இறங்கியபின் ஒரு முழம்கூடப் பறக்க முடியாது என்று சாதித்தன. மீன் பிடிக்க ஏரிக்குப் போய்வரவும், நாலு நாள் இளைப்பாறிவிட்டுக் கிளம்பவும் யானைதான் வேண்டும். தண்ணீரில் ஓடினால்தான் அவற்றால் மேலே எழும்ப முடியும்.

முதல் கூட்டத்தின் தலைவர் துரைக்கண்ணு என்ற கூழைக்கடா. அவர் ஒரு பெரிய சுள்ளிக் கட்டோடு யானை மீது ஏறினார்.

"இதென்னங்க கட்டு?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"எங்க ஊர்க் கூட்டுச் சுள்ளிம்மா. இதுமேல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"நீங்க கட்டை வச்சிருக்கிறது நான் உட்கார்ற இடம்."

"அப்படியா? இடத்துல ஒண்ணும் எழுதியிருக்கலையே" என்று துரைக்கண்ணு சிறகை விரித்துச் சாய்ந்துகொண்டார். ஒரு சிறகுக்கு அடியில் மூன்று தவளைகள் காணாமல் போயின.

அணில் கீரியைப் பார்த்தாள். அதற்குள் துரைக்கண்ணு முந்திக்கொண்டார். "தம்பி, ஏழு நாட்டு ஏரியைப் பார்த்துட்டேன். உன்னை மாதிரி நேர்த்தியா ஊதுற கீரியை எங்கேயும் பார்த்ததில்ல."

பொன்னுரங்கத்தின் வால் மயிர் சிலிர்த்து இரண்டு மடங்கு பருமனானது. இப்படி ஒரு வார்த்தையை இத்தனை வருடத்தில் ஒரு தவளைகூட அவனிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலை எல்லாரும் வழக்கம்போலக் காட்டோரம் யானை ஏறும் இடமான கரையான் புற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். பொன்னுரங்கம் யாரையும் ஏற்றவில்லை.

"இன்னிக்கிலேருந்து இது விருந்தாளி விரைவு வண்டி. ஆலமரத்துல ஏத்தினா ஏரியிலதான் இறக்கும். நடுவுல நிக்காது."

"நான் எப்போ வண்டி ஆனேன்?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

பொன்னுரங்கம் இரண்டு முறை ஊதினான்.

"அப்போ நாங்க வேலைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார் மாசிலாமணி.

"நீங்க தினம் போறவங்கதானே? ரெண்டு நாள் போகாட்டி என்ன? பாவம், அவங்க எவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்காங்க."

யானை போய்விட்டது. அதன் முதுகில் நான்கு பறவைகளும் ஒன்பது மூட்டைகளும் தாராளமாக உட்கார்ந்திருந்தன. மீதி இடத்தில் காற்று வாங்கலாம். ஆமையும் அணிலும் தவளைகளும் அன்று முழுவதும் புற்றடியில் காத்திருந்தார்கள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. வேலைக்குப் போகாத தவளைகள் போகிற வருகிற ஈயையெல்லாம் பிடித்துத் தின்று, மூன்றாம் நாள் வயிற்றுவலியில் படுத்தன.

ஆகாயத்தாமரைக்கு அந்த மூன்று நாளே போதும். பறவைகள் இறங்கும் தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாய் விரித்ததுபோல் அது பரவிவிட்டது.

அந்த மூன்றாம் நாள் மாலை இரண்டாவது கூட்டம் வந்தது. முன்னால் பறந்து வந்தவர் துரைக்கண்ணுவின் மச்சான். அவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மந்தம், கௌரவம் கொஞ்சம் அதிகம். மேலேயிருந்து பார்த்தார். புல்வெளி என்று நினைத்துவிட்டார்.

காலை நீட்டி இறங்கினார். தழை காலைப் பிடித்துக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னே போய், அலகு தழைக்குள் புகுந்து, இரண்டு காலும் வானத்தைப் பார்த்து நின்றன. பின்னால் வந்த பதினோரு பேரும் தலைவர் செய்வதுதான் முறை என்று அப்படியே தலைகீழாகக் குத்திக்கொண்டார்கள். பார்ப்பதற்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மச்சானின் கால்கள் உதறிக்கொண்டே இருந்தன. பிறகு உதறல் நின்றது.

வடிவாம்பாள் யார் ஊதுவதற்கும் காத்திருக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொருவரையும் துதிக்கையால் பிடுங்கிப் போட்டாள். மச்சானை இரண்டு முறை குலுக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது. அதற்குமேல் கொசு வேறு மொய்த்தது.

துரைக்கண்ணு கோபத்தில் கீரியிடம் வந்தார். "இந்த இடத்தைச் சுத்தம் பண்றவங்க எங்கே?"

"அவங்க மூணு நாளா வரலைங்க."

"ஏன் வரலை?"

"யானையில இடம் இல்லைங்க."

"ஏன் இல்லை?"

பொன்னுரங்கம் தயங்கினான். "நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

துரைக்கண்ணு மச்சானைத் தாங்கிக்கொண்டு கரையோரம் போய்விட்டார்.

அன்று பொன்னுரங்கத்துக்கு இரை இறங்கவில்லை. மச்சானின் கால்கள் அசையாமல் நின்ற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. தப்பு தன்னுடையது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் அதைச் சரிசெய்த விதம் இன்னும் மோசம்.

"இனி உள்ளூர்க்காரங்க மட்டும்தான்" என்று மறுநாள் அறிவித்தான். "மூட்டை ஏறக்கூடாது. நீள அலகு ஏறக்கூடாது. நீளக் காலும் ஏறக்கூடாது."

தவளைகள் ஆரவாரம் செய்தன. அணில் தன் இடத்தில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள். மாசிலாமணி அன்று முழுவதும் தின்று ஏரியில் பாதியைச் சுத்தம் செய்துவிட்டார்.

பறவைகள் ஆலமரத்திலிருந்து ஏரிக்கு நடந்தே போகப் பார்த்தன. நாரைகள் சேற்றில் முழங்கால் வரை புதைந்து, நட்டுவைத்த கம்புகளாக அங்கங்கே நின்றன. கழுத்து திரும்பிய மச்சான் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து ஒரு புதருக்குள் போய்விட்டார். மாலையில் துரைக்கண்ணு எல்லாரையும் கூட்டி, "நாளைக்கு எப்படியாவது தண்ணிக்குப் போய்ச் சேர்ந்து, வேற ஏரியைப் பார்த்துப் போயிடலாம்" என்று சொன்னார்.

அதைக் கேட்ட மாசிலாமணிக்குத்தான் முதலில் கவலை வந்தது. "இவங்க வராட்டி நாம அந்த இடத்தை யாருக்காகச் சுத்தம் பண்றது? நான் யாருக்காகத் தழை திங்கிறது?"

"எனக்கும் முள்ளு ஒடிக்கிறதைத் தவிர வேற தொழில் தெரியாது" என்றாள் பூங்காவனம்.

எல்லாரும் கீரியைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தான். பிறகு செம்மண்ணைக் குழைத்து எடுத்துவந்து, வடிவாம்பாளின் கழுத்திலிருந்து வால் வரை ஒரு கோடு போட்டான்.

"இடது பக்கம் வெளியூர். வலது பக்கம் உள்ளூர். ஆளுக்குப் பாதி. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் வடிவாம்பாள்.

பொன்னுரங்கம் ஊதினான்.

இடது பக்கம் பதினாறு கூழைக்கடாக்கள், பத்து நாரைகள், மூட்டைகள். வலது பக்கம் அணில், தவளைகள், ஆமைகள். வடிவாம்பாள் ஒரு அடி எடுத்து வைத்தாள். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. அடுத்த அடியும் இடது பக்கமே போனது. அவள் நேராக நடக்கத்தான் முயன்றாள். சேற்றுப் பள்ளத்துக்குள் வட்டமாக நடந்துகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பொன்னுரங்கம் ஊதினான். "ஏரி வந்தாச்சு, இறங்குங்க."

ஒரு தவளை குதித்து இறங்கிச் சுற்றிப் பார்த்தது. "அண்ணே, இது நாம ஏறின புற்று."

இரண்டாவது முறையும் அதே புற்றுதான் வந்தது. மூன்றாவது சுற்றில் துரைக்கண்ணு தன் சுள்ளிக் கட்டைச் சரிசெய்யக் கொஞ்சம் நகர்ந்தார். அவ்வளவுதான். வடிவாம்பாளின் கால் வழுக்கியது. யானை, பறவை, ஆமை, மூட்டை எல்லாம் ஒரே சத்தத்தோடு சேற்றில் விழுந்தன.

சேறு அடங்கியதும் பார்த்தால் உள்ளூர் யார், வெளியூர் யார் என்றே தெரியவில்லை. செம்மண் கோடும் கரைந்துவிட்டது.

வடிவாம்பாள் முட்டி போட்டு மூச்சு வாங்கினாள். "நான் எழுந்திருக்கப் போறேன். ஏறுறவங்க ஏறிக்கோங்க. யாராவது ஊதினா அந்த நத்தை ஓட்டை நானே முழுங்கிடுவேன்."

எல்லாரும் கிடைத்த இடத்தைப் பிடித்து அடித்துப்பிடித்து ஏறினார்கள். பொன்னுரங்கம் மட்டும் மார்பளவு சேற்றில் நின்று கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவன் கண்ணுக்கு அது தெரிந்தது.

நாரைகள் நின்றுகொண்டு வந்தால் போதும், அவற்றுக்கு உட்காரும் இடமே வேண்டாம். அவற்றின் கால்களுக்கு நடுவே தவளைகள் வசதியாக உட்கார்ந்திருந்தன. கனமான ஆமைகள் நடுவில் கிடந்தன. இரண்டு பக்கமும் கூழைக்கடாக்கள் சமமாக அமர்ந்து ஆமைகள் உருளாமல் அணைகட்டியிருந்தன. மூட்டைகளை வடிவாம்பாளின் கழுத்தில் இரண்டு பக்கமும் மாட்டியிருந்தார்கள். அவற்றின்மேல் அணில் மெத்தையில் இருப்பதுபோல் சாய்ந்திருந்தாள். எல்லாரும் ஏறியபின்னும் இரண்டு ஆமைக்கு இடம் மிச்சம் இருந்தது.

பொன்னுரங்கத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இடம் எப்போதும் இருந்திருக்கிறது. அவன்தான் யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று பார்த்தானே தவிர, யாருக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

சேறு அவனை இழுத்துக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு குனிந்து அலகை அகலமாகத் திறந்தார். "என் பைக்குள்ள ஏறிக்கோ தம்பி."

"முழுங்கிட மாட்டீங்களே?"

"நீ நாறுற நாத்தத்துக்கு மாட்டேன்."

வடிவாம்பாள் எழுந்து நின்றாள். நேராக நடந்தாள். பொன்னுரங்கம் நான்கு மீன்களுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

கரையில் இறங்கியதும் அவன் முதல் வேலையாக யானையின் முன்னால் போய் நின்றான். "வடிவக்கா, காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போறவங்க கூட்டம். பெரிய மூட்டை வச்சிருக்கிறவங்களுக்காக நடுப்பகல்ல ஒரு நடை போட முடியுமா? முடியாதுன்னா வேண்டாம்."

வடிவாம்பாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு நடைகூடப் போடுறேன். சாய்ஞ்சு மட்டும் நடக்க மாட்டேன்."

மூட்டைக்காரர்கள் நடுப்பகலில் போனார்கள். அவசரக்காரப் பறவைகள் காலையிலும் மாலையிலும் தவளைகளுக்குக் குடை பிடிப்பதுபோல் நின்றுகொண்டே போயின. பதினைந்து நாள் கழித்து மச்சானின் கழுத்து நேரானது. சுத்தமான தண்ணீரில் ஓடி அவர் மேலே எழும்பியபோது, கரையில் ஆமைகள் தழையை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தன.

தூரத்திலிருந்து வருபவருக்காகத் தினமும் வருபவரையோ, தினமும் வருபவருக்காகத் தூரத்திலிருந்து வருபவரையோ இறக்கிவிடாமல், இருவருடைய தேவையையும் கேட்டறிந்து நெருங்கி உட்காரவைப்பவரே பொது வழியை நடத்தத் தகுந்தவர்.