கல்வீட்டின் வட்டக் கண்

கல்லுக்கும் மஞ்சுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மூங்கணை மலையில் செத்தவர்களுக்கு மட்டும்தான் கல்வீடு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு மூங்கில் தட்டியும் புல்கூரையும் போதும். பெருங்காற்று அடித்தால் கூரை பறக்கும், மறுநாள் வேறு வேய்ந்துகொள்வார்கள். செத்தவர்களால் அது முடியுமா? அதனால் அவர்களுக்கு நாலு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு பலகை, இண்டு இடுக்கு இல்லாமல். பொழுது சாய்வதற்குள் முன்பலகையைச் சாத்திவிட வேண்டும். சாத்தாமல் விட்டால் செத்தவர் எழுந்து ஊருக்குள் அலைவார் என்று எல்லாருக்கும் பயம்.

மஞ்சு என்றால் மலைமேல் தவழுமே, அந்த வெண்பனி. அந்த நாளில் அதற்கு இருப்பிடம் என்று ஒன்று கிடையாது. நினைத்தால் வரும், நினைத்த சரிவில் படுத்துக்கொள்ளும். போகிற வழியில் யார் கூப்பிட்டாலும் யார் பாடினாலும் அந்தக் குரலை எடுத்து மடியில் முடிந்துகொள்ளும். பாவம், சேர்த்ததை வைக்க இடமில்லை. வெயில் ஏறினால் குரல்களெல்லாம் தண்ணீராகிப் புல்லில் சொட்டிப் போய்விடும்.

அந்த மலையில் மாதி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் சடையன் பாறைத்தேன் எடுக்கிறவன். இரண்டு பேருக்கும் வாய் கொஞ்சம் நீளம். சடையனுக்கு இன்னொரு குணமும் உண்டு. கதவைச் சாத்தினால் அவனுக்குத் தூக்கம் வராது. அடைமழையிலும் தலையை வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் படுப்பான். “உள்ளே மூச்சு முட்டுது புள்ளே” என்பான். “அப்ப உன் தலையை மட்டும் வெளிய கட்டிப்போடறேன்” என்பாள் மாதி.

ஒருநாள் காலையில் அவர்களுக்குள் சண்டை. பாறையில் இறங்குகிற கொடியேணி பழசாகிவிட்டது, புதிது முறுக்கிக்கொண்டு போ என்றாள் அவள். இன்றைக்கு ஒருநாள் தாங்கும் என்றான் அவன். பேச்சு வளர்ந்தது.

“வந்தா வா, வராட்டிப் போ!” என்று சொல்லிவிட்டு மாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோபம் கோபம்தான், ஆனாலும் அவனுக்குப் பிடித்த சாமைக் கஞ்சியைக் காய்ச்சினாள். சட்டிக்குச் சட்டி மாற்றி ஆற்றி, மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வந்தது அவன் இல்லை. கொடி அறுந்துவிட்டது என்ற சேதிதான் வந்தது.

மறுநாள் ஊரே மலைமுகட்டில் கூடிச் சடையனுக்குக் கல்வீடு கட்டியது. அவன் தம்பி கொங்காடன்தான் கல் பிளக்கிறவர்களுக்குத் தலைவன். பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். பாறை சூடேறி, தோசை கல்லைவிட்டுப் பெயர்வதுபோல, பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். அப்படிப் பெயர்ந்த பலகையில் ஒரு விதி உண்டு. அது தானாக ஆறவேண்டும். சூடு தணியும்வரை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் கல் தெறித்துவிடும். அதனால் வேலை செய்கிறவர்கள் வியர்வையைக்கூடத் துடைத்துக்கொண்டுதான் குனிவார்கள்.

மூன்று பக்கமும் நிறுத்தியாகிவிட்டது. சடையனை உள்ளே கிடத்தினார்கள். முன்பலகை மட்டும் தரையில் ஆறிக்கொண்டிருந்தது. மாதி அதன் பக்கத்தில் கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவனோடு வைப்பதற்காக, அவன் குடிக்காமல் போன அதே கஞ்சியைக் கொண்டுவந்திருந்தாள். அவள் அழவில்லை. “வராட்டிப் போ” என்ற சொல்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அப்போது மஞ்சு மெல்ல மேலே ஏறி வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

“மாதி, உன் புருசன் குரல் ஒன்று என் மடியில் இருக்கு” என்றது. “பாறையில் தொங்கும்போது உன்னைப் பார்த்துக் கூவினான். உனக்கு எட்டவில்லை. எனக்குத்தான் கிடைத்தது.”

மாதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்ன சொன்னாரு? திட்டினாரா?”

“முடிச்சை நான் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. வெளியில் அவிழ்த்தால் காற்றில் கரைந்துவிடும். இருட்டும் குளிர்ச்சியுமாக ஒரு கல்லறை வேண்டும், நான் நுழைய ஒரு வழியும் வேண்டும். இந்த வீடு எனக்குப் போதும். உள்ளே வைத்துவிடுகிறேன், நீ வந்து கேட்டுக்கொள்ளலாம்.”

“வீட்டை முழுசா மூடிருவாங்களே!”

“மூடினால் நான் என்ன செய்ய? நேற்றிலிருந்து மேக நிழலில் வைத்துக் காத்தேன், இப்போது மேகம் விலகுகிறது. வெயில் பட்டால் குரல் பள்ளத்தில் சொட்டிவிடும்.”

மாதி ஓடிப்போய்க் கொங்காடன் கையைப் பிடித்தாள். “கொஞ்சம் சந்து விடுப்பா. அவருக்குக் கதவு சாத்தினா ஆகாது, உனக்கே தெரியுமே.”

“அண்ணி, எனக்கு மட்டும் ஆசையில்லையா?” என்றான் அவன், கண் கலங்கி. “ஆனா அண்ணன் எந்திரிச்சு அலையணுமா? அது அவருக்குத்தானே கஷ்டம். பொழுது இறங்குது, வழி விடுங்க.”

ஆட்கள் பலகையைத் தூக்க உருட்டுக்கட்டைகளைச் செருகினார்கள். கல் இன்னும் முழுதாக ஆறவில்லை, மேலே அனல் நெளிந்தது. மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. மஞ்சின் ஓரங்கள் சொட்டத் தொடங்கின. மாதி சட்டியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவ்வளவுதான். கஞ்சி முழுவதையும் பலகையின் நடுவில் கவிழ்த்துவிட்டாள்.

புஸ்ஸென்று ஆவி எழுந்தது. டப்பென்று ஒரு சத்தம். நடுவிலிருந்து சட்டிவாய் அகலத்துக்கு ஒரு வட்டச் சில்லு தெறித்து விழுந்தது.

கொங்காடன் தலையில் கை வைத்துக்கொண்டான். வேறு கல் பிளக்க நேரமில்லை, விறகும் இல்லை. ஓட்டையோடேயே பலகையை நிறுத்தினார்கள். நிறுத்திய மறுகணம் மஞ்சு நூல்போல் மெலிந்து அந்த வட்டத்துக்குள் நுழைந்தது.

மாதி மண்டியிட்டு ஓட்டையில் காதை வைத்தாள். உள்ளிருந்து குளிர்ந்த மூச்சு ஒன்று வந்தது. அதன்பின் அந்தக் குரல், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத அந்தக் குரல், சிரிப்போடு வந்தது.

“ஏ மாதி! கோவிச்சுக்காதே புள்ளே! கஞ்சிய ஆத்தி வை, இதோ வந்துர்றேன்!”

மாதி அப்போதுதான் அழுதாள். “ஆத்தித்தான் வெச்சிருந்தேன், ஆத்தித்தான் வெச்சிருந்தேன்” என்று கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொங்காடனும் குனிந்து காதை வைத்தான். கல்லைக் கெடுத்தாள் என்று அவன் அதற்குப்பின் மாதியை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்து யாருக்குக் கல்வீடு கட்டினாலும், பலகை ஆறும் முன்பே அவன்தான் ஒரு சட்டிக் கஞ்சி கேட்டு வாங்கினான். செத்தவர் எவரும் ஊருக்குள் வரவில்லை. பேச ஒரு வழி இருந்தால் யார்தான் அலைவார்கள்?

இன்றைக்கு அந்த முகட்டுக்கு வண்டியில் வந்து இறங்குகிறவர்கள், படம் பிடித்து முடித்ததும் கட்டாயம் ஒருமுறை குனிந்து அந்த வட்டத்தில் காது வைக்கிறார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது. மலைக்காரர்கள் மட்டும் கல்வீட்டு வாசலில் ஆறிய கஞ்சி ஒரு சட்டி வைத்துவிட்டு, தங்களைக் கூப்பிட்ட குரல் உள்ளே இருந்தால் வரட்டும் என்று தங்கள் பேரைச் சொல்லிக் காத்திருப்பார்கள். மாதி சட்டியைக் கவிழ்த்த அன்றிலிருந்துதான் மூங்கணை மலையின் கல்வீடுகளுக்கு முன்பலகையில் வட்டக் கண் வந்தது. அன்றிலிருந்துதான், பொழுது மேற்கே சாயத் தொடங்கியதும், மஞ்சு வேறெங்கும் தங்காமல் நேரே அந்தக் கண்ணுக்குள் நுழைகிறது, மடி நிறைய யாரோ யாரையோ கூப்பிட்ட குரல்களோடு.