சிறகைக் கட்டிக்கொண்டு பறந்த மரங்கொத்தி

கொண்டையன் என்ற மரங்கொத்திக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் செய்த ஓலை விமானத்துக்கு முத்திரை வைக்க ஆமையக்கா மூன்றாவது தடவையாக யோசித்துக்கொண்டிருந்தாள்!

ஆற்றின் நடுவே இருந்த அந்தத் தீவுக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் எதைப் புதிதாகப் பறக்கவிட்டாலும், அதில் பிறரை ஏற்றுவதற்கு முன் ஆமையக்காவிடம் காட்ட வேண்டும். அவளுக்குத் திருப்தி என்றால், செம்மண் சேற்றில் காலை நனைத்து அதன்மேல் ஒரு மிதி மிதிப்பாள். அதுதான் முத்திரை. ஆனால் ஆமையக்கா திருப்திப்படுவது லேசில் நடக்கிற காரியமா?

கொண்டையன் ஒன்றும் விளையாட்டுக்காக விமானம் செய்யவில்லை. கோடையில் மணலில் நடந்து தீவுக்கு வந்த ஒரு முயல் குடும்பம், ஆற்றில் தண்ணீர் வந்ததும் மாட்டிக்கொண்டது. மொத்தம் பதினோரு பேர். எட்டு நாளில் பெருவெள்ளம் வருமாம். பாறை உச்சி மட்டும்தான் மிஞ்சும், அங்கே ஒரு புல்கூடக் கிடையாது. அதனால்தான் கொண்டையன் மூங்கிலை வளைத்து, பனையோலை வேய்ந்து, பாறையிலிருந்து தள்ளினால் மிதந்துபோய் அக்கரையில் இறங்கும்படி ஒரு விமானம் செய்திருந்தான்.

முதல் தடவை ஆமையக்கா இறக்கையின் மேல் கற்களை அடுக்கினாள். தாங்க வேண்டிய பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு! இறக்கை முறிந்தது. இரண்டாம் தடவை, இருந்த இரண்டு வாசலில் ஒன்றை மூடிவிட்டு, "தொண்ணூறு எண்ணுறதுக்குள்ள எல்லாரும் வெளியே வாங்க!" என்றாள். முயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. இரண்டையும் கொண்டையன் முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்தான்.

இப்போது அவள் சோதனை விவரம் கேட்டாள். கொண்டையன் ஒரு மரக்கட்டையை உருட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பறப்புக்கும் அதில் ஒரு துளை கொத்தியிருந்தான்.

"நாப்பது தடவை பறந்தாச்சு அக்கா! ஆறு தடவை விழுந்துச்சு. ஆனா யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை!"

"விழுந்தும் கீறல் இல்லையா?"

"அதானே இதோட அழகு!"

"உள்ளே யார் உக்காந்திருந்தாங்க?"

"பன்னிரண்டு மைனா!"

ஆமையக்கா மைனாக்களைப் பார்த்தாள். "விழும்போது நீங்க என்ன பண்ணுனீங்க?"

"பறந்துட்டோம்!" என்று கத்தின மைனாக்கள்.

இதில் என்ன தப்பு என்றே கொண்டையனுக்குப் புரியவில்லை. விழுந்தால் பறக்க வேண்டியதுதானே! பிறந்ததிலிருந்து அவன் அப்படித்தான் செய்துவந்தான்.

"ஏன் தம்பி, முயலுக்குச் சிறகு இருக்கா?"

கொண்டையன் முயல்களைத் திரும்பிப் பார்த்தான். "காது நீளமா இருக்கு அக்கா..." என்று இழுத்தான்.

"முத்திரை கிடையாது!"

"அக்கா! உங்க முத்திரைக்காக வெள்ளம் காத்திருக்குமா?"

"காத்திருக்காது. அதனால சீக்கிரம் ஆகட்டும். மைனாவுக்குப் பதிலா முயல் எடைக்குக் கல்லை வை. உன் சிறகைக் கொடியால கட்டிக்கிட்டு நீயே ஏறு!"

"இதோ, இப்பவே ஏறிக் காட்டறேன்!" என்று மார்தட்டினான் கொண்டையன்.

மைனாக்கள் அவன் சிறகை இறுக்கிக் கட்டின. பாறையிலிருந்து விமானத்தைத் தள்ளிவிட்டன. கொஞ்ச தூரம் அது நன்றாகத்தான் மிதந்தது. பிறகு மூக்கு கீழே சாய்ந்தது. கொண்டையன் அலகால் வால் கயிற்றை இழுத்தான். மூக்கு நிமிரவில்லை! சிறகை விரிக்கப் பார்த்தான். முடியவில்லை! வாழ்நாளில் முதல் தடவையாக அவனுக்கு விழுவது என்றால் என்ன என்று தெரிந்தது. "அம்மா!" என்று அலறியபடி தீவிலேயே இருந்த தாமரைக் குளத்துச் சேற்றில் தலைகீழாகப் போய்ச் செருகிக்கொண்டான்.

மைனாக்கள் அவனைப் பிடித்து இழுத்தன.

"இத்தனை நாளும் இப்படிச் சாயலையே!" என்றான், சேற்றைத் துப்பிக்கொண்டே.

"எப்பவும் சாயுமே! சாயும்போதெல்லாம் நாங்க உக்காந்த இடத்துலேயே கொஞ்சம் சிறகடிச்சுக்குவோம். அது தானா நிமிந்துக்கும்!"

"அடப்பாவிகளா! ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே!"

கொண்டையனுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் பறந்தது விமானமே அல்ல, மைனாக்கள்தான்! தன் பேச்சை நம்பி அந்தப் பதினோரு பேரும் ஏறியிருந்தால்?

அன்றே வேலையைத் தொடங்கினான். வாலை அகலமாக்கினான். இருக்கைகளைப் பின்னால் தள்ளினான். ஏழாம் நாள் காலையில் வேலை முடிந்தபோது முயல் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

தாய் முயல் வெள்ளச்சி குட்டிகளோடு ஓடிவந்தாள். "அண்ணே, முத்திரை கிடக்கட்டும்! எங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க!"

"ஏத்திடலாமே!" என்றன மைனாக்கள்.

"வாயை மூடுங்க!" என்று சீறினான் கொண்டையன். "மன்னிச்சுக்கம்மா. நான் ஒரு தடவை சிறகைக் கட்டிக்கிட்டுப் போய் வராம உங்களை ஏத்த மாட்டேன்."

மறுபடியும் கற்கள் ஏறின. மறுபடியும் கொடி இறுகியது. விமானம் மிதந்தது, சாய்ந்தது, வால் கயிற்றை இழுத்ததும் நிமிர்ந்தது! குளக்கரைப் புல்லில் ஒரு கல்கூட உருளாமல் இறங்கியது. மைனாக்கள் அதை உடனே பாறை உச்சிக்கு இழுத்துச் சென்றன. ஆமையக்கா தன்னால் முடிந்த வேகத்தில் பின்னாலேயே போனாள். அந்த வேகத்தைப் பார்த்து முயல்களுக்குப் பாதி உயிர் போயிற்று. கடைசியில் அவள் செம்மண் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"ஏறுங்க!"

கொண்டையனும் ஏறினான். யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவன் சிறகு கட்டியபடியே இருந்தது.

அக்கரையில் இறங்கியதும் கடைக்குட்டி முயல் உதட்டைப் பிதுக்கியது. "இவ்வளவுதானா மாமா? ஒண்ணுமே நடக்கலையே!"

அதைவிடப் பெரிய பாராட்டைக் கொண்டையன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

பிறர் உயிரைச் சுமக்கும் பொருளை, அவர்கள் நிலையில் நம்மை வைத்துச் சோதித்த பிறகே நல்லது என்று சொல்ல வேண்டும்.