சத்தமில்லை என்று ஒரு கையெழுத்து

உடுமலை மில் முதலாளி நஞ்சப்பனிடம் அவர் அப்பா காலத்துக் கார் ஒன்று இருந்தது. உறுமல் கம்பீரமாகக் கேட்கட்டும் என்று அதன் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டார். தெருமுனைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நகராட்சிக்குப் புகார் போனது. மெக்கானிக்கிடம் சான்று வாங்கித் தரச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது.

நஞ்சப்பன் நேரே மெக்கானிக் சின்னையனின் பட்டறைக்கு வந்தார். பட்டறை இருந்தது நஞ்சப்பனுக்குச் சொந்தமான இடத்தில்.

“வண்டியில சத்தமே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லாட்டிப் பட்டறையக் காலி பண்ணு.”

சின்னையன் அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டார். “போடறனுங்க. ஆனா தகரம் தட்டித் தட்டி எனக்குக் காது பாதி போச்சுங்க. நான் எழுதுனா ஆரு நம்புவாங்க? நான் வண்டிய ஓட்டறேன், நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேளுங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதிப்போடறனுங்க.”

நஞ்சப்பனுக்கு அது சரியாகப் பட்டது. போய் நின்றார்.

கார் கடந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளே குழந்தைகள் ஒருசேர வீறிட்டன. வராந்தாவில் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அவர் யாரென்று தெரியாமல் பேசினாள்.

“ஐயா, பெரியவரா இருக்கறீங்க. அந்தக் கார்க்காரருகிட்டச் சொல்லுங்க. இது எட்டு மாசத்துல பொறந்த புள்ளைங்க. ஒவ்வொரு தடவையும் பயந்து, குடிச்ச பாலைக் கக்கீருது.”



சின்னையன் காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கித் தாளை விரித்தார். “என்னன்னு எழுதட்டுங்க?”

நஞ்சப்பன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“சைலன்சர் வீட்டுல கிடக்குது. எடுத்துவந்து மாட்டு. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதே” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனார்.