சுமார் இருபத்து நான்கு

ஆரோக்கியதாஸ் கல்லூரியில் இருபது வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஆஸ்பத்திரியில் ஒரு கணக்குப் படிக்க வந்தவர். ஊசியில் ஏற்றும் கதிர்மருந்து எந்த உறுப்பில் எவ்வளவு கதிர்வீச்சு பாய்ச்சுகிறது என்ற கணக்கு. சொல்லிக்கொடுத்த கயல்விழி அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார். இப்படி இருந்தால் பாடம் எங்கே நடக்கும் என்று கேட்காதீர்கள், நடந்தது.

அன்று காலை தாஸ் முகம் வாடி வந்தார்.

“மேடம், ஜெய்துன் பீவிக்கு நாலாவது ஊசி கிடையாது.”

ஜெய்துன் பீவி இடியாப்பம் விற்கிறவர். வயிற்றில் புற்றுக்கட்டி. மூன்று ஊசியில் அது பாதியாகச் சுருங்கிவிட்டது, நாலாவதையும் போட்டுவிட வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. ஆனால் பாழாய்ப்போன மருந்து சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சிறுநீரகம் தாங்கும் கதிர்வீச்சுக்கு இருபத்து மூன்று ‘கிரே’ என்று ஓர் எல்லை வைத்திருந்தார்கள்.

“நாலாவதையும் சேர்த்தா எவ்வளவு வருது சார்?”

“இருபத்து நாலு புள்ளி மூணு ஒண்ணு ஏழு.”

“அடேயப்பா, மூணு தசமமா! ஸ்கேன்ல சிறுநீரகத்தைச் சுத்தி இன்னொரு தடவை கையால கோடு போட்டுக் கணக்குப் பண்ணுங்க.”

போட்டார். இருபத்தொன்று வந்தது. இன்னொரு தடவை போட்டார். இருபத்தாறு.

“இதுல எது நிஜம் மேடம்?”

“காலையில வந்த அந்தக் கடைசி ஏழு நிஜம்னு யார் சார் சொன்னது?”

தாஸுக்குச் சுருக்கென்றது. இதை நம்பியா ஒரு மனுஷியின் ஊசியை நிறுத்தப் பார்த்தோம் என்று பயந்தே போனார்.

“அப்போ சுமார்னுதான் எழுதணும். எப்படி மேடம் கையெழுத்துப் போடுறது? காலேஜ்ல மார்க் வாங்காத பயலைத்தான் சுமார்னு சொல்லுவோம்.”

கயல்விழி அவரை வார்டுக்குக் கூட்டிப்போனார்.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“சுமாரா இருக்கேன் தாயி,” என்று ஜெய்துன் பீவி சிரித்தார்.

முதல் ஊசிக்கு வந்தபோது இதே கேள்விக்கு, “ஏதோ உசுரு கெடக்கு” என்றவர் அவர். தாஸுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

வெளியே வந்ததும் கயல்விழி கேட்டார். “சுமார்னு சொன்னாங்களே, என்ன புரிஞ்சுது?”

“தேறிட்டு வர்றாங்க.”

“எத்தனை தசமத்துக்கு?”

தாஸ் சிரித்துவிட்டார். திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதினார்: ‘சுமார் இருபத்து நான்கு. இருபத்தொன்றாகவும் இருக்கலாம், இருபத்தாறாகவும் இருக்கலாம்.’ கையெழுத்தும் போட்டார்.

டாக்டர் அதைப் படித்தார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. மருந்தைக் கொஞ்சம் குறைத்து நாலாவது ஊசி போடலாம் என்றார். தாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“மேடம், இந்தச் சுமாரும் தப்பாப் போச்சுன்னா?”

“நாளைக்கும் போய் எப்படி இருக்கீங்கன்னு கேட்போம் சார். அந்த அம்மாவையும் கேட்போம், அவங்க சிறுநீரகத்தையும் கேட்போம்.”