பதினோரு இலைகள்

கதிரேசன் தன் மனைவி பவளத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, சமையலறை வாசலில் நின்று திரும்பியபோதுதான். அவள் கட்டிலில் சாய்ந்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்.

சற்று முன்புதான் கேட்டிருந்தாள்: "கொஞ்சம் திறந்து விடுங்க. மூச்சு முட்டுது."

கோத்தகிரியில் தை மாதத்துப் பனி. அவர் தயங்கினார். பிறகு ஜன்னலில் ஒரு கதவைத் திறந்துவிட்டுச் சுடுதண்ணீர் வைக்கப் போனார். டம்ளரோடு திரும்பி வந்தபோது முகத்தில் முதலில் பட்டது குளிர். அதன் பிறகே அவளைப் பார்த்தார்.

அன்று சாத்திய ஜன்னலை அவர் மறுபடி திறக்கவில்லை. இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து வைத்தார். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

உயிரோடு இருந்தபோது ஒருமுறை ஊட்டி மலர்க் கண்காட்சியில் பவளம் ஒரு குட்டிச் செடியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். உள்ளங்கையில் அடங்கும் ஆர்க்கிட். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு பூ. மூன்று மூலையிலும் வால் நீண்டிருந்தது, பட்டம் போல. "இது நம்ம வீட்ல வளருமா?" என்றாள். பஸ் போய்விடும் என்று அவர்தான் இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்தச் செடியைக் கேட்டுத்தான் இப்போது அவர், ஆர்க்கிட் வளர்த்து விற்கும் எஸ்தரிடம் போனார்.

எஸ்தருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவளும் இல்லை. செடி கேட்டு வருகிறவர்களைக் கேள்வி கேட்டே பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவாள் என்பதால் டீச்சர் என்று பெயர்.

"எந்த மாதிரி வேணும்ண்ணே?"

"சாகாத மாதிரி ஒண்ணு."

"அது பஜார்ல கிடைக்கும். பிளாஸ்டிக்குல பண்ணியிருக்கான்."

கதிரேசன் சிரிக்கவில்லை. பட்டம் போலப் பூத்திருந்த ஒரு தொட்டியைத் தொட்டார்.

"பூவைப் பார்க்காதீங்க, அது பத்து நாள் கூத்து. அடியைப் பாருங்க. புதுத் துளிர் வருதா? இலை கெட்டியா இருக்கா? வேரு வெள்ளையா இருக்கா?"

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதே வகையில் பூவே இல்லாத ஒன்றை எடுத்தார். பாசிக்கு நடுவில் பதினோரு இலைகள், அடியில் ஊசிமுனை போல ஒரு துளிர்.

"சரியாத்தான் எடுத்திருக்கீங்க. மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க. பாசி காயக்கூடாது, சொதசொதன்னும் இருக்கக்கூடாது. நேர் வெயில் ஆகாது. ராத்திரிக் குளிர் கண்டிப்பா வேணும். வீட்ல காத்து வருமா?"

"வரும்," என்றார் கதிரேசன்.

அந்த ஒரு பொய்யோடு செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சாத்திய ஜன்னலின் கண்ணாடி ஓரத்தில் வைத்தார். மழைத்தண்ணீரைப் பானையில் பிடித்துத் தெளித்தார். விடிந்ததும் போர்வையோடு வந்து இலைகளை எண்ணினார். பதினொன்று இருந்தால்தான் பல் துலக்கப் போனார்.

மூன்றாவது வாரம் ஒரு இலையின் அடி கறுத்தது. விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. வலிக்காமல் கழன்றது போல இருந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். செடிக்குக் குளிர்கிறதோ என்று தொட்டியைச் சுற்றித் துண்டைக் கட்டினார்.

எட்டு இலை ஆனது. ஆறு ஆனது. ராத்திரி படுத்தால் இலை விழும் சத்தம் கேட்பது போல இருந்தது. அவ்வளவு சின்ன இலைக்குச் சத்தம் ஏது என்று தெரிந்தும் எழுந்து உட்கார்ந்தார்.

நாலு ஆனபோது தொட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்தரிடம் ஓடினார்.

அவள் பாசியை முகர்ந்து பார்த்தாள். துண்டை அவிழ்த்து ஓரமாக வைத்தாள்.

"டீ ஃபேக்டரியில என்ன வேலை பார்த்தீங்கண்ணே?"

"கொழுந்து வாட்டுற பகுதி. முப்பத்தாறு வருஷம்."

"அங்க ஃபேன் நின்னுட்டா கொழுந்து என்ன ஆகும்?"

"அடியில சூடேறும். வெந்து சிவந்துபோயிடும். நாத்தம் வரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டு மூணு மணி நேரம் போதும். ஃபேன் சத்தம் நின்னாலே நாங்க சோத்தைப் போட்டுட்டு ஓடுவோம்…"

சொல்லி முடிக்காமல் நிறுத்தினார். எஸ்தர் தொட்டியை அவர் மூக்கருகில் கொண்டுபோனாள். முப்பத்தாறு வருஷம் பழகிய நாற்றம்தான்.

"டீச்சர், என்னால ஜன்னலைத் திறக்க முடியாது."

"ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னார். முடிக்கும்போது குரல் மிகவும் இறங்கியிருந்தது. "நான்தான் திறந்தேன். பனி உள்ள வந்துச்சு. அவ போயிட்டா."

எஸ்தர் தொட்டியைத் தானே எடுத்துக்கொண்டு அவரோடு அவர் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். சாயங்காலம் நாலு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இடுக்குத் துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். தொட்டியை ஓரத்தில் வைத்தாள்.

"ஒரு கதவைத் திறந்து விடுங்கண்ணே."

"டீச்சர், வேண்டாம்."

"திறந்துட்டு எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி கொண்டு வாங்க."

கொக்கி துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் தள்ளினார். குளிர் முகத்தில் அறைந்தது. திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போனார்.

அடுப்பு மூன்றாவது தடவைதான் பற்றியது. முன்னறையிலிருந்து சத்தமே இல்லை.

"டீச்சர்?"

பதில் இல்லை.

தண்ணீர் இன்னும் சுடவே இல்லை. "டீச்சர்," என்றார் மறுபடி. ஓடிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்காமலே இருந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்ததை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். பாதி கையில் சிந்தியது.

கட்டிலில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். அசையவில்லை.

"டீச்சர்."

எஸ்தர் திரும்பினாள். "ஏன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க?" டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "சுடவே இல்லையே."

கதிரேசன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு நோவு இல்லை. அவளுக்கு இருந்துச்சு. பனிதான் கொண்டுபோச்சு."

"வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தேன்னீங்களே. அப்ப அவங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?"

அவர் யோசித்தார். இந்த நாலு வருஷத்தில் நினைப்பில் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டியே வந்திருந்தார்.

"மூச்சை இழுத்து விட்டா," என்றார். "நல்லா, நீளமா."

"அதுக்கு முன்னாடி?"

"மூணு நாளா முடியலை."

எஸ்தர் மிச்சத் தண்ணீரையும் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து ஜன்னலடியில் வைத்தாள்.

"அவங்க கேட்டது அதைத்தானே," என்றாள்.

எஸ்தர் போன பிறகும் கதிரேசன் எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை. இருட்டும் முன் செடிக்கு அருகில் போய் எண்ணினார்.

ஒன்று குறைந்து மூன்று இலைகள் இருந்தன. அப்போதும் ஜன்னல் திறந்தே இருந்தது.