எதையும் விடாத பீலி

இமயத்துக் குமாவோன் மலைச் சரிவில் பூங்கோதை அம்மாளின் ஆசிரமம் இருந்தது. தகரக் கூரை. காக்கை வந்து உட்கார்ந்தால் வழுக்கிவிடும் அளவுக்குச் செங்குத்து. பனி விழும் ஊரில் கூரை அப்படித்தான் இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் பனி மேலே குடியேறி, ஒருநாள் வீட்டுக்காரரின் மடியில் வந்து இறங்கும்.

ஆசிரமத்துக்கு முன்னால் முள்ளங்கிப் பாத்தி. பாத்திக்குக் கீழே, சரிவின் அடுத்த படியில், கேம் சிங்கின் வீடு. மலையில் அண்டை வீட்டார் பக்கத்தில் இருப்பதில்லை. தலைக்கு மேலே இருப்பார்கள், அல்லது காலுக்குக் கீழே. ஆசிரமக் கூரையில் விழுந்த மழையெல்லாம் கேம் சிங்கின் பின்சுவரில் போய் முடிந்தது. ஆண்டுக்காண்டு அந்தச் சுவருக்குத் தொந்தி வைத்துக்கொண்டு வந்தது. சுவருக்கு உட்புறம் அடுப்பு. குளிருக்காக அடுப்பின் பக்கத்தில் தொட்டில். தொட்டிலில் அந்த ஆண்டு பிறந்த பேரன்.

கும்பகோணத்து ஆராவமுதன் அங்கே சீடராக வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆராவமுதன் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு புத்தகத்தையும் கழித்ததில்லை என்பது அவருடைய பெருமை. செல்லரித்ததையும் அடுக்கில் வைத்திருந்தார், செல்லோடு.

வந்த அன்றே அவர் கேட்டார்.

“அம்மா, எதைக் கொள்வது, எதை விடுவது?”

“எதிலிருந்து?”

“காதில் விழுவதிலிருந்து. உபநிடதம் உள்ளே இருக்கிறது. என் கல்யாணப் பந்தியில் மைத்துனர் சொன்ன ஒரு வார்த்தையும் உள்ளே இருக்கிறது.”

“எது உரக்கக் கேட்கிறது?”

“மைத்துனர்.”

“என்ன சொன்னார்?”

“‘மாப்பிள்ளை இலையில் உப்பைக்கூட மிச்சம் வைக்கமாட்டார்’ என்றார்.”

“வைத்தீரா?”

“இல்லை.”

பூங்கோதை அம்மாள் வெளியே எட்டிப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

“கேம் சிங்கின் சுவர் நனைகிறது. தண்ணீரை ஏந்தி அப்பால் விட, கூரை ஓரத்தில் ஒரு பீலி போடும்” என்றார்.

ஆராவமுதன் வணங்கிவிட்டுத் தம் அறைக்குப் போய்க் கண்களை மூடிக்கொண்டார். கூரை என்பது தலை. அதன் ஓரம் காது. சுவர் என்பது உடம்பு. அது நனைவது பற்றினால். பீலி என்பது விவேகமாக இருக்கலாம், வைராக்கியமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. கேம் சிங் யார் என்பதுதான் பிடிபடவில்லை.

சில நாள் கழித்துக் கேம் சிங்கே ஏறி வந்தார். அவர் தமிழைப் பூங்கோதை அம்மாளிடமிருந்து கற்றவர். அதனால் எல்லோரையும் ‘நீர்’ என்பார்; தம் பசுவையும்.

“பண்டிட்ஜி, அம்மா பீலி போடச் சொன்னாராமே. எங்கே?”

“அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

“யோசிக்க என்ன இருக்கிறது?”

“அது எதைக் குறிக்கிறது என்று.”

கேம் சிங் கூரையைப் பார்த்தார். பிறகு ஆராவமுதனைப் பார்த்தார்.

“தகரத்தைக் குறிக்கிறது. கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். நீர் ஏணியைத் தேடும்.”

ஆராவமுதன் படித்த நூல்களில் எதிலும் பீலி இல்லை. வாசல் எந்தத் திசையில், கிணறு எந்த மூலையில் என்று எழுதியவர்கள் கூரைத் தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். எனவே தாம் கும்பகோணத்தில் பார்த்தபடி செய்தார். அங்கே ஐப்பசி மழை கொட்டும்போது பீலி பெரிதாக இருக்க வேண்டும். கூரையை ஒட்டி இருக்க வேண்டும். வெளி உதடு உயர்ந்து நிற்க வேண்டும். தண்ணீர் எகிறினாலும் உதட்டில் மோதி உள்ளே விழும். அப்படியே தகரத்தை மடித்தார். இரும்புக் கொக்கிகளைக் கூரையின் விளிம்பில் அறைந்து அதன்மேல் பீலியை உட்காரவைத்தார். ஒரு கோடியில் குழாய். குழாய் பக்கத்து ஓடைக்குப் போனது.

அடுத்த மழையில் ஒரு சொட்டுகூடத் தவறவில்லை. ஆராவமுதன் குடையைப் பிடித்துக்கொண்டு கூரை ஓரம் முழுவதும் நடந்து பார்த்தார். உப்பு மிச்சமில்லாத இலைபோல் இருந்தது.

பூங்கோதை அம்மாளும் அண்ணாந்து பார்த்தார்.

“நல்ல பீலி. எதையும் விடாது போலிருக்கிறதே!”

“விடாது அம்மா.”

கேம் சிங் அதை நம்பித் தொந்தி விழுந்த சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார். கல்லும் களிமண்ணும். அடுப்பை மெழுகி, தொட்டிலைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.

பனிக்காலம் வந்தது. பனி சத்தமில்லாமல் விழுந்தது. கூரையிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு காலையில் வெயில் வந்தது.

கூரை ஒருமுறை முனகியது. மொத்தப் பனியும் ஒரே பாளமாக நகர்ந்து கீழே வந்தது. ஓரத்தில் உயர்ந்து நின்ற உதடு வழியை மறித்தது. பனிக்கு அதனுடன் வாதிட நேரமில்லை. பீலியைக் கொக்கிகளோடு பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. பனி முள்ளங்கிப் பாத்தியில் விழுந்து, எல்லா ஆண்டும்போல் அங்கேயே நின்றுவிட்டது. தகரம் நிற்கவில்லை. பனியின்மேல் சறுக்கிக்கொண்டு பாத்தியைக் கடந்து, முனை முன்னாக, கேம் சிங்கின் புதுச் சுவரில் போய்க் குத்தியது.

ஆராவமுதன் வழுக்கி விழுந்தும் எழுந்தும் கீழே ஓடினார். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே தொட்டிலில் கற்கள் கிடந்தன. அறையின் மறுகோடியில் மருமகள் பசந்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. அவரைப் பார்த்த பார்வையையும் மாற்றிக்கொள்ளவில்லை.

மதியம் கேம் சிங் நெளிந்த பீலியைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வந்தார்.

“உம்முடைய சாமான் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.”

ஆராவமுதன் எழுந்து பீலியின் மறுமுனையைப் பிடிக்கப் போனார்.

“பண்டிட்ஜி, தண்ணீர் சுவரை நனைத்தது. பீலி சுவரை இடித்தது. எனக்கு நனைவது பரவாயில்லை என்று தோன்றுகிறது.” பீலியைக் கீழே போட்டார். “ஓட்டையில் பலகை வைத்து அடைத்திருக்கிறேன். பலகை தண்ணீரையும் தாங்காது, தகரத்தையும் தாங்காது. அடுத்த பனி இறங்குவதைப் பார்ப்பேன். சரியில்லை என்றால் எல்லோருமாகச் சமவெளிக்குப் போய்விடுவோம். மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன்.”

அவர் போன பிறகு ஆராவமுதன் குருவிடம் திரும்பினார்.

“உங்களுக்குத் தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா!”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் பீலி போட்டதே இல்லை.”

“நல்ல பீலி என்றீர்களே.”

“நல்லதாகத்தான் தெரிந்தது. என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான் எட்டியது.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “மிச்சத் தகரம் இருக்கிறதா? எடுத்துக்கொண்டு வாரும்.”

முற்றத்தில் ஒரு முக்காலியின்மேல் தகரத் துண்டைச் சாய்த்து வைத்தார்கள். கூரையும் துண்டும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று பூங்கோதை அம்மாள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் தகரத்தில் வழிந்து, விளிம்பைத் தொட்டதும் உள்பக்கமாகச் சுருண்டு, அங்கேயே நேர்கீழே விழுந்தது.

“பார்த்தீரா? விளிம்பை விட மனமில்லை அதற்கு.”

ஒரு பிடி பனியை உருட்டி மேலிருந்து விட்டார். பனி தகரத்தில் சறுக்கி, விளிம்பு முடிந்தது தெரியாததுபோல் அதே கோட்டில் இன்னும் கொஞ்சம் பறந்து, தள்ளி விழுந்தது.

“இன்னொரு தடவை” என்றார்.

இன்னொரு தடவை பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பார்த்தார்கள். குருவின் சேலைத் தலைப்பு நனைந்து விறைத்தது. ஆராவமுதனுக்கு விரல்கள் இருப்பது மறந்துபோயிற்று. கீழேயிருந்து கேம் சிங் குரல் கொடுத்தார்.

“உபதேசமா, விளையாட்டா?”

“இன்னும் தெரியவில்லை!” என்று பூங்கோதை அம்மாள் பதில் கொடுத்தார்.

ஆராவமுதன் உருட்டிய பனியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு ஓடிப்போய் ஒரு நேரான மூங்கிலைக் கொண்டுவந்தார். தகரத்தின் சாய்வோடு அதைப் படுக்கவைத்து, முனை வெளியே நீளும்படி பிடித்தார்.

“அம்மா, பனி இந்தக் கோட்டில் போகிறது. தண்ணீர் இந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறது.”

“அப்படியென்றால்?”

“பீலியின் உதடு மூங்கிலைத் தொடவே கூடாது.”

“எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் என் யோசனையை நம்பாதீர். போன தடவையும் நம்பினீர்.”

நெளிந்த பீலியையே கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார் ஆராவமுதன். கொக்கிகளைக் கூரையின் தகரத்தில் அறையாமல், கீழே கூரையைத் தாங்கும் கைமரங்களின் முனைகளில், நெருக்கமாக அறைந்தார். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒருமுறை மேலே ஏறி, கூரையில் மூங்கிலைச் சாய்த்து, உதடு அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தார். பீலி கூரைக்குத் தாழ, வாசலில் நிற்கும் விருந்தாளிபோல் ஒதுங்கி நின்றது.

பனிக்கு முன்னால் மழை வந்தது. ஆராவமுதன் குடையோடு வெளியே வந்தார். பெரும்பகுதி தண்ணீர் பீலியில் விழுந்து ஓடைக்குப் போயிற்று. ஆனால் காற்று வீசும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் உதட்டைத் தாண்டித் தெறித்தது.

மறுபடி தெறித்தது.

அவர் உள்ளே போனார். தாங்கவில்லை. வெளியே வந்தார். மழை ஓய்ந்ததும் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்.

ஏணி அசையாமல் நின்றது. கீழே பார்த்தார். பூங்கோதை அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யப்போகிறீர்?”

“இரண்டு விரல்கடை உயர்த்தினால் போதும் அம்மா. கொஞ்சம் தண்ணீர் தாண்டிப் போகிறது.”

“எங்கே போகிறது?”

“முள்ளங்கிப் பாத்திக்கு.”

“கேம் சிங்கின் சுவருக்குப் போகிறதா?”

“இல்லை. பாத்தியே குடித்துவிடுகிறது.”

“பிறகு?”

“போகிறதே அம்மா!”

பூங்கோதை அம்மாள் சிரிக்கவில்லை. “உம் இஷ்டம். நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்” என்றார்.

ஆராவமுதன் சுத்தியலை எடுத்தார். அந்த உயரத்திலிருந்து கேம் சிங்கின் முற்றம் முழுவதும் தெரிந்தது. மூட்டைகள் வாசலில் அடுக்கியிருந்தன. பலகை அடைத்த சுவருக்கு வெளியே பசந்தி குழந்தைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியைப் போட்ட பிறகும் அவள் நிமிர்ந்து இந்தக் கூரையைப் பார்த்தாள்.

அவர் வெகுநேரம் ஏணியில் நின்றார். ஒரு சொட்டு உதட்டைத் தாண்டி விழுந்தது. அதை முழுவதும் பார்த்தார். பிறகு சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்.

பனி விழுந்தது. முன்னைவிடக் கனமாக விழுந்தது. வெயில் வந்த காலையில் கேம் சிங் வீட்டைவிட்டு எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தியிருந்தார். பசந்தியின் முதுகில் குழந்தை, தலையில் ஒரு மூட்டை. பசுவும் கயிற்றோடு நின்றது.

மேலே குருவும் சீடரும் நின்றார்கள்.

“பயமாக இருக்கிறதா?” என்று கேட்டார் பூங்கோதை அம்மாள்.

“உங்களுக்கு?”

“என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. பயமும் இருக்கிறது.”

கூரை முனகியது. பாளம் நகர்ந்தது. முகட்டிலிருந்து ஓரம்வரை வந்து, ஓரத்தில் நிற்காமல், தன் கோட்டிலேயே காற்றில் நீண்டது. பீலிக்கு மேலே ஒரு கணம் வெள்ளைக் கூரை இன்னொன்று இருந்தது. பிறகு அது உடைந்து முள்ளங்கிப் பாத்தியில் விழுந்தது. பூமி அதிர்ந்தது. பசு கயிற்றை இழுத்தது.

பனித்தூள் அடங்கிற்று. பீலி இருந்தது. ஒரு கொக்கிகூட நெளியவில்லை. கூரையில் ஒட்டியிருந்த மிச்சப் பனி உருகி, விளிம்பில் சுருண்டு, சொட்டுச் சொட்டாகப் பீலியில் விழத் தொடங்கியது. ஓடைப் பக்கம் குழாயில் தண்ணீர் சலசலத்தது.

கேம் சிங் தம் மொழியில் மருமகளிடம் ஏதோ சொன்னார். பசந்தி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

“பண்டிட்ஜி!” என்று அவர் கீழேயிருந்து கத்தினார். “இப்போது அது எதைக் குறிக்கிறது?”

“தகரத்தை!” என்றார் ஆராவமுதன்.

அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. ஒன்று வெளியே தெறித்தது.

“அம்மா” என்றார். “பனியும் தண்ணீரும் ஒரே கூரையில்தான் வருகின்றன. எதைக் கொள்வது, எதை விடுவது என்று பீலிக்கு எப்படித் தெரிகிறது?”

“அதற்கு ஒன்றும் தெரியாது” என்றார் பூங்கோதை அம்மாள். “கொஞ்சம் தாழ இருக்கிறது, அவ்வளவுதான்.”